தாங் அரண்மனையில் ஓர் இசைக்கூடல்: ‘கோங்யுவே தூ’ ஓவியத்தைப் பார்த்து ரசிக்க முழுமையான வழிகாட்டி

தைபே நகரின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில், ஒரு பெரிய மேசையைச் சுற்றிப் பத்துப் பெண்கள் அமர்ந்து இசையிலும் தேநீரிலும் பொழுதைக் கழிக்கும் பட்டு ஓவியம் ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகிறது. ‘கோங்யுவே தூ’, அதாவது அரண்மனை இசை ஓவியம், என்பது அதன் சீனப் பெயர். வரைந்தவர் யாரென்று தெரியாது. ஓவியரின் கையொப்பமோ முத்திரையோ அதில் இல்லை. சீனாவைத் தாங் மரபினர் ஆண்ட காலத்தின் (618–907) நடுப்பகுதியையோ பிற்பகுதியையோ சேர்ந்தது என்று அருங்காட்சியகம் அதை வகைப்படுத்தியிருக்கிறது.

இசை விருந்தைக் காட்டும் சீன அரசவை ஓவியங்கள் பல உண்டு. அவற்றுள் இதை முதலில் பார்க்குமாறு பரிந்துரைக்கக் காரணம், இதில் ஆட்கள் குறைவு, இடமும் ஒன்றே, கதைப்பின்னல் எதுவும் இல்லை. ஆகவே சீன வரலாற்றையோ எழுத்தையோ அறியாதவரும் தம் கண்ணை மட்டுமே நம்பி இதனுள் நுழைய முடியும். இன்னொரு காரணம் அதைவிடப் பெரியது. ஒலியைத் தூரிகையால் வரைய இயலாது என்பதை நன்றாக உணர்ந்த ஓவியர் ஒருவர், இசையைக் கேட்டுக்கொண்டிருக்கும் மனிதர்களை வரைந்து, அவர்களின் முகத்தின் வழியாகவும் கையின் வழியாகவும் இசையை நமக்குத் தெரிவித்திருக்கிறார். கீழே வரும் படிகள் யாவும் அந்தக் கேட்டலைக் கண்ணால் தேடிக் கண்டடைவதற்காகவே வரிசைப்படுத்தப்பட்டவை. அவசரமின்றி, ஒரே அமர்வில் பார்ப்பது நல்லது.

முதல் படி: சரியான படத்தையும் அதன் உண்மையான அளவையும் பெறுங்கள்

பழைய பட்டு ஓவியங்கள் வெளிச்சத்தால் கெடும் என்பதால், அவற்றை அருங்காட்சியகங்கள் குறுகிய காலத்துக்கு மட்டுமே மக்கள் பார்வைக்கு வைத்துவிட்டு, மீண்டும் நீண்ட ஓய்வு கொடுக்கின்றன. நேரில் காணும் வாய்ப்பு அரிது. ஆனால் தேசிய அரண்மனை அருங்காட்சியகம் தன் சேகரிப்பின் படங்களைத் தரமான மின்பதிப்பில் இலவசமாகத் தருவதால், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசித் திரையில் தொடங்க வேண்டாம். கணினித் திரையோ நல்ல அச்சுப்பிரதியோ தேவை.

ஓவியம் 48.7 செ.மீ உயரமும் 69.5 செ.மீ அகலமும் கொண்டது. அந்த அளவுக்கு ஒரு தாளை வெட்டிச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். அந்தச் சிறிய பரப்புக்குள் பன்னிரண்டு பெண்களும் ஒரு மேசையும் அடங்கியிருக்கிறார்கள் என்பது புரிந்தால்தான், ஒவ்வொரு முகத்திலும் ஓவியர் எவ்வளவு நுண்ணிய தூரிகையால் வேலை செய்திருக்க வேண்டும் என்பது விளங்கும்.

உயரத்தைவிட அகலம் மிகுந்த இந்த வடிவமும் கவனிக்கத்தக்கது. இன்று இது சுவரில் தொங்கவிடும் சுருளாகக் கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் தொங்குசுருள்கள் பொதுவாக நெடுக்குவாட்டில் நீண்டிருக்கும். இதன் உயரம் குறைவாக இருப்பதைக் கொண்டு, தொடக்கத்தில் இது அரண்மனையில் வைக்கப்பட்ட சிறிய தடுப்புத்திரை ஒன்றின் பகுதியாக இருந்து, பிற்காலத்தில் கழற்றப்பட்டுச் சுருளாக மாற்றப்பட்டிருக்கலாம் என்று அருங்காட்சியகத்தார் கருதுகிறார்கள். அப்படியானால், இந்த ஓவியத்தில் இருக்கும் பெண்களைப் போன்ற பெண்கள் நடமாடிய அறையிலேயே இது நின்றிருக்கும்.

இரண்டாம் படி: எந்த உறுப்பையும் தேடாமல் முழுவதையும் பாருங்கள்

முதல் சில நிமிடங்கள் எதையும் அடையாளம் காண முயலாதீர்கள். கண்ணில் முதலில் படுவது மேசை. படத்தின் நடுப்பகுதியை அது கிட்டத்தட்ட முழுவதுமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. நாம் சற்று உயரமான இடத்திலிருந்து குனிந்து பார்ப்பதுபோல அதன் மேற்பரப்பு முழுதும் விரிந்து தெரிகிறது. ஆனால் சுற்றி அமர்ந்திருக்கும் பெண்களையோ நேர்மட்டத்திலிருந்து பார்ப்பதுபோலவே காண்கிறோம். ஐரோப்பிய ஓவியத்தில் பழகிய கண்ணுக்கு இது பிழையாகத் தோன்றலாம். பிழையில்லை. சீன ஓவியர் ஓர் இடத்தில் நின்று பார்க்கும் ஒற்றைக் கண்ணுக்காக வரையவில்லை. மேசைமேல் இருப்பதும் தெரிய வேண்டும், மேசைக்கு அப்பால் இருப்பவரின் விரலும் தெரிய வேண்டும் என்பதற்காக, இரண்டையும் அவை நன்றாகத் தெரியும் கோணத்திலிருந்து வரைந்து பொருத்துகிறார். தொலைவில் இருப்பவர்கள் சுருங்கிவிடாததும் இதனால்தான். மேல்வரிசையில் இருக்கும் வாத்தியக்காரர்களே நமக்கு மிகத் தொலைவில் அமர்ந்திருப்பவர்கள், ஆயினும் அவர்கள் சிறுத்துப் போகவில்லை.

அடுத்து, வரையப்படாததைக் கவனியுங்கள். சுவர் இல்லை, தூண் இல்லை, தரைவிரிப்பு இல்லை, சாளரம் இல்லை. பெண்களுக்குப் பின்னால் வெறும் பட்டு மட்டும், ஆயிரம் ஆண்டுகளில் பழுப்பேறிய நிறத்தோடு, விடப்பட்டிருக்கிறது. அரண்மனையின் ஆடம்பரத்தைக் காட்ட விரும்பும் எந்த ஓவியரும் கட்டடத்தை வரையத்தான் துடிப்பார். இவர் அதை முற்றாக விலக்கியிருப்பதால், நம் பார்வை தப்பிச் செல்ல வழியின்றி அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது.

மூன்றாம் படி: ஆட்களை எண்ணி, யார் என்ன செய்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்

அமர்ந்திருப்பவர்கள் பத்துப் பேர். நிற்பவர்கள் இரண்டு பேர். மேசையின் மேல்விளிம்பில், நம்மை நோக்கியபடி அமர்ந்திருக்கும் நால்வரும் வாசிக்கிறார்கள். மற்ற ஆறு பேரும் கேட்பவர்கள்: ஒருத்தி தேநீரை முகந்து ஊற்றுகிறாள், ஒருத்தி பருகுகிறாள், ஒருத்தி கிண்ணத்தை ஏந்தியபடி அப்படியே இருக்கிறாள். நிற்கும் இரு பணிப்பெண்களில் ஒருத்தி, இடப்புறத்தில், தாளக்கட்டையை ஏந்தித் தாளம் தவறாமல் காத்துக்கொண்டிருக்கிறாள்.

இந்தக் கணக்கை எடுத்த பின்பு ஒரு கேள்வி எழ வேண்டும். வாசிப்பவர்களுக்கும் கேட்பவர்களுக்கும் இடையே ஏதாவது வேறுபாடு தெரிகிறதா? தெரியவில்லை. அரங்கு இல்லை, மேடை இல்லை; அதே மேசை, அதே வகை இருக்கை, அதே செழிப்பான உடை. அரசவைக் கலைஞர்கள் தாழ்ந்த இடத்தில் நின்றும் அரசகுடியினர் உயர்ந்த இடத்தில் அமர்ந்தும் காட்டப்படும் எத்தனையோ விருந்து ஓவியங்களுக்கு நடுவே இந்தச் சமநிலை என்னை மிகவும் ஈர்க்கிறது. இங்கே இசை யாருக்கும் நிகழ்த்திக் காட்டப்படவில்லை. அந்தப்புரத்துப் பெண்கள் தமக்குள், தமக்காக வாசித்துக்கொள்கிறார்கள். அரசர் படத்தில் இல்லை; அவர் வரப்போவதாகவும் எந்தக் குறிப்பும் இல்லை.

நான்காம் படி: வாத்தியங்களை வலமிருந்து இடமாகப் படியுங்கள்

சீன எழுத்து பழைய முறையில் வலமிருந்து இடமாகச் செல்லும். ஓவியங்களையும் அந்தத் திசையில் பார்ப்பதே பொருத்தம். மேல்வரிசையை அப்படிப் பார்த்தால் பிலி, பிபா, ஜெங், ஷெங் என்று நான்கு வாத்தியங்கள் வரும். ஒவ்வொன்றிலும் சற்று நேரம் நில்லுங்கள்.

வலக்கோடியில் இருப்பவள் ஊதுவது பிலி. குட்டையான குழல், அதன் வாயில் பெரிய சீவாளி செருகப்பட்டிருக்கும். சீவாளி வாத்தியங்களுக்கே உரிய அடர்ந்த, ஊடுருவும் ஓசை அதிலிருந்து எழும். தக்லமக்கான் பாலைவனத்தின் வடக்கு விளிம்பில் இருந்த குச்சா என்ற சோலைநகரிலிருந்து அது சீனத்துக்கு வந்தது. அந்தக் குச்சா நாட்டு இசைக்குத் தாங் அரசவையில் பெரும் செல்வாக்கு இருந்தது. அரசவையில் நிறுவப்பட்டிருந்த பத்து இசைப்பிரிவுகளில் குச்சாவுக்கு ஒன்றும், கொரியாவுக்கு ஒன்றும், சமர்கண்டுக்கு ஒன்றும், இந்தியாவுக்கு ஒன்றும் இருந்தன.

அடுத்தவள் மடியில் இருப்பது பிபா. வயிறு பருத்த, கழுத்து பின்னோக்கி மடிந்த, நான்கு தந்திகள் கொண்ட வாத்தியம் இது; பாரசீகத்தின் பர்பத் என்ற தந்தி வாத்தியத்துக்கு உறவானது; மத்திய ஆசியாவின் வணிகப் பாதை வழியே வந்தது. இங்கே படத்தைப் பெரிதாக்கி இரண்டு விவரங்களைப் பாருங்கள். முதலாவது, அவள் அதைக் குறுக்குவாட்டில் படுக்கையாகப் பிடித்திருக்கிறாள். இரண்டாவது, விரல்களால் மீட்டாமல், கையில் ஒரு மீட்டுகட்டையைப் பிடித்துத் தந்திகளைத் தட்டுகிறாள். இன்றைய சீனக் கலைஞர்கள் பிபாவை மடியில் நிமிர்த்தி வைத்து நகங்களால் வாசிக்கிறார்கள். நிமிர்த்திப் பிடிக்கும் முறை தாங் காலத்துக்குப் பின்பே நிலைபெற்றது. ஓவியத்தின் காலத்தைப் பற்றிப் பின்னால் பேசும்போது இந்தக் கையமைப்பு நமக்குச் சாட்சியாக வரும்.

மூன்றாவது ஜெங். நீண்ட மரப்பெட்டியின்மேல் தந்திகள் கட்டப்பட்டு, ஒவ்வொரு தந்தியின் அடியிலும் அதைத் தாங்கும் சிறு கட்டை, குதிரை எனப்படுவது, நகர்த்தக்கூடியதாக நிற்கும். குதிரையை நகர்த்திச் சுருதியை மாற்றலாம். தாங் காலத்தில் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று தந்திகள் வழக்கம். சில விளக்கக் குறிப்புகளில் இந்த வாத்தியம் குச்சின் என்று சொல்லப்பட்டிருக்கும். குச்சினுக்கு ஏழு தந்திகள், குதிரைகள் கிடையாது, ஓசை மிகவும் மெல்லியது. சீவாளிக் குழலும் மீட்டுகட்டை கொண்டு தட்டப்படும் பிபாவும் ஒலிக்கும் ஒரு கூட்டத்தில் குச்சின் வைத்தால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. தனியறையில், ஓரிரு நண்பர்கள் முன்னிலையில் வாசிக்கப்படுவது அது. விருந்து மேளத்துக்கு உரியது ஜெங்தான் என்பதால், அருங்காட்சியகத்தின் சீன மொழி விளக்கத்தில் இருப்பதுபோல் ஜெங் என்று கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

நான்காவது ஷெங். கிண்ணம் போன்ற அடிப்பாகத்தில் மூங்கில் குழல்கள் வட்டமாக நடப்பட்டிருக்கும். ஒவ்வொரு குழலின் அடியிலும் மெல்லிய உலோக நாக்கு அதிரும். ஆர்மோனியத்துக்குள் அதிர்வதும் இதே வகையான நாக்குதான். மூச்சை ஊதினாலும் ஒலிக்கும், இழுத்தாலும் ஒலிக்கும் என்பதால் இசை இடையறாமல் ஓடும்; பல சுரங்களை ஒரே நேரத்தில் எழுப்பவும் முடியும். மற்ற மூன்று வாத்தியங்களும் விட்டுவிட்டு ஒலிக்கும்போது அவற்றுக்கு அடியில் விரிப்பாகக் கிடப்பது ஷெங்கின் ஓசை.

நால்வரையும் ஒன்றாகப் பாருங்கள். வலப்பக்கத்து இரண்டும், பிலியும் பிபாவும், மேற்கேயிருந்து பாலைவனப் பாதையில் வந்து சேர்ந்தவை. இடப்பக்கத்து இரண்டும், ஜெங்கும் ஷெங்கும், சீனத்தின் பழைய வாத்தியங்கள். ஓவியர் திட்டமிட்டு அப்படி அமர்த்தினாரா என்று சொல்ல முடியாது. தாங் பிற்காலத்தில் பிலியும் பிபாவும் வந்தேறியவை என்ற எண்ணமே அரண்மனையில் மங்கியிருக்கும். ஆனால் சாங்ஆன் தலைநகரம் எப்படிப்பட்ட நகரமாக இருந்தது என்பதற்கு இந்த ஒரு வரிசை போதுமான சான்று. காற்று, தந்தி, தந்தி, காற்று என்று வாத்தியங்கள் மாறி அமைந்திருப்பதையும் சேர்த்துக் கவனித்தால், ஓரங்களில் நீள்கின்ற ஓசையும் நடுவில் தெறிக்கின்ற ஓசையுமாக ஒரு வரிசை கண்ணுக்குத் தென்படும்.

இடப்புறம் நிற்கும் பணிப்பெண்ணின் கையில் இருக்கும் தாளக்கட்டை, பல மரப்பட்டைகளை ஒரு முனையில் கயிற்றால் கோத்துச் செய்யப்பட்டது. படத்தில் முரசு எதுவும் இல்லை. ஆகவே தாளத்தின் முழுப்பொறுப்பும் அவளுடையது.

ஐந்தாம் படி: கேட்பவர்களிடம் போங்கள்

பெரும்பாலான பார்வையாளர்கள் வாத்தியங்களோடு நின்றுவிடுகிறார்கள். ஓவியத்தின் உயிர் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

மேசையின் நடுவில் ஒரு பெரிய பாத்திரம் இருக்கிறது. ஒரு பெண் நீண்ட காம்புள்ள அகப்பையால் அதிலிருந்து தேநீரை முகந்து கிண்ணத்தில் விடுகிறாள். அவளுக்கு அருகில் இருப்பவள் கிண்ணத்தைக் கையில் ஏந்தியிருக்கிறாள், ஆனால் குடிக்கவில்லை. கை பாதியிலேயே நின்றுவிட்டது. எதிரே ஒருத்தி தேநீரை மெல்ல உறிஞ்சிக்கொண்டிருக்கிறாள். இந்த மூன்று கைகளையும் வரிசையாகப் பாருங்கள். ஊற்றும் கை, நின்ற கை, உதட்டுக்குப் போன கை. நடுவில் இருக்கும் அந்த நின்ற கையைத்தான் ஓவியர் இசைக்குக் கொடுத்திருக்கிறார். பாட்டின் ஏதோ ஓர் இடம் அவளை நிறுத்தியிருக்கிறது. கிண்ணம் கையில் இருப்பதையே அவள் மறந்திருக்கிறாள். அவள் முகத்தில் மிகையான பாவம் எதுவுமில்லை. கண்ணை மூடவில்லை, தலையை ஆட்டவில்லை. கிண்ணம் நின்றுவிட்ட அந்த உயரம் ஒன்றே அவள் கேட்டுக்கொண்டிருப்பதற்குச் சாட்சி.

இப்போது மற்றவர்களின் தலைச்சாய்வை ஒவ்வொன்றாகத் தொடருங்கள். எல்லோரும் வாத்தியக்காரர்களையே பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சிலரின் பார்வை மேசைமேல் இருக்கிறது. சிலர் பக்கத்தில் இருப்பவரை நோக்கியிருக்கிறார்கள். கச்சேரிக்கு வந்த சபையை வரைந்திருந்தால் எல்லா முகங்களும் ஒரே பக்கம் திரும்பியிருக்கும். ஒன்றாக வாழ்பவர்கள் இசை கேட்கும் விதம் வேறு: காது அங்கே இருக்கும், கண் எங்காவது இருக்கும். அந்த வேறுபாட்டைப் பிடித்ததில்தான் இந்தப் பெயரறியா ஓவியரின் மேதைமை எனக்குத் தெரிகிறது.

பிறகு மேசைக்கு அடியில் பாருங்கள். அங்கே ஒரு சிறிய நாய் சுருண்டு படுத்திருக்கிறது. தலைக்குமேல் சீவாளிக் குழலும் தந்திகளும் தாளக்கட்டையும் ஒலித்துக்கொண்டிருக்க, அது கொஞ்சமும் அசையவில்லை. இசை இதமாக இருந்தது என்பதற்கு அந்த நாயே அத்தாட்சி என்று அருங்காட்சியகத்தின் விளக்கத்திலும் சொல்லியிருக்கிறார்கள். அதோடு இன்னொன்றையும் நான் சேர்ப்பேன். இப்படிப்பட்ட மாலைகள் அந்த நாய்க்குப் பழகிப்போனவை. ஆக, இந்தக் கூடல் விழாநாளில் நடந்த ஒன்றாக இராமல் அந்த வீட்டு வழக்கமாகவே இருந்திருக்கும்.

ஆறாம் படி: மேசைப் பொருள்களைப் பாருங்கள்

மேசையின் மேற்பரப்பு மூங்கில் பாயால் இழுத்துக் கட்டப்பட்டது. பெண்கள் அமர்ந்திருக்கும் முக்காலிகள் பிறைவடிவில், அரைவட்டமாக வளைந்தவை. தரையில் பாய் விரித்து அமர்ந்த பழைய வழக்கத்திலிருந்து நாற்காலிக்கும் உயர்ந்த மேசைக்கும் சீனர்கள் மெல்ல நகர்ந்தது தாங் காலத்தில். இந்த ஓவியம் அந்த மாற்றத்தின் நடுவில் நிற்கிறது.

மேசைமேல் தேநீர்க் கிண்ணங்களோடு, இருபுறமும் காதுகள் கொண்ட நீள்வட்ட அரக்குப் பூச்சுக் கிண்ணங்களும் தெரியும். அவை மதுவுக்கானவை. சிலர் மதுவோடு விளையாட்டும் ஆடுகிறார்கள் என்று கருதுவோர் உண்டு. தேநீரை ஒரு பெரிய பாத்திரத்திலிருந்து அகப்பையால் முகந்து பகிர்வது தாங் காலத்துப் பழக்கம். அக்காலத்தில் தேயிலையை அவித்துக் கட்டியாக்கி, இடித்துப் பொடித்து, கொதிக்கும் நீரில் இட்டுக் காய்ச்சினார்கள். எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த லூ யூ அந்த முறையை விரிவாக எழுதிவைத்தார். அடுத்து வந்த சோங் காலத்தில் ஒவ்வொரு கிண்ணத்திலும் தனித்தனியாகப் பொடியை இட்டு நுரை வர அடித்துக் குடிப்பது பரவிவிட்டது. ஆகவே நடுப்பாத்திரமும் அகப்பையும் வெறும் அலங்காரப் பொருள்கள் அல்ல.

ஏழாம் படி: கொண்டை, உடை, நிறம்

தலைகளை மட்டும் ஒருமுறை சுற்றிவாருங்கள். சிலரின் கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது. குதிரையிலிருந்து விழுந்தவளின் கொண்டை என்று சீனர்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். சிலர் கூந்தலை இருபுறமும் பிரித்துக் காதருகே உருண்டையாகக் கட்டியிருக்கிறார்கள். சிலர் மலர்முடி சூடியிருக்கிறார்கள். முகங்கள் பருத்து உருண்டவை, உடல்கள் செழுமையானவை. செழுமையே அழகு என்று கொண்ட காலம் அது. சாங் சுவான், சோ ஃபாங் ஆகிய எட்டாம் நூற்றாண்டு ஓவியர்கள் அரண்மனைப் பெண்களை இப்படி வரைந்து ஒரு மரபையே உருவாக்கினார்கள். இந்த ஓவியமும் அந்த வழியில் வந்தது.

நிறத்துக்கு வருவோம். பட்டு பல இடங்களில் சிதைந்திருக்கிறது. ஆயினும் செந்நிற மேலாடைகளும் கன்னத்துச் செம்மையும் நேற்றுப் பூசியதுபோல் இருக்கின்றன. காரணம் தொழில்நுட்பம். ஓவியர் முதலில் ஈயவெள்ளையை அடிப்பூச்சாக இட்டு, அதன்மேல் நிறத்தைக் கனமாக ஏற்றியிருக்கிறார். அடியில் இருக்கும் வெள்ளை, மேலே உள்ள சிவப்பு பட்டின் பழுப்போடு கலந்து மங்கிவிடாமல் காப்பதோடு, நிறம் உதிர்வதையும் குறைத்திருக்கிறது. உடையின் பூவேலைகள் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. ஒரு மேலாடையைத் தேர்ந்தெடுத்து அதன் விளிம்புக் கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள்: பருமன் மாறாத, மெல்லிய, தயங்காத கோடு. பட்டின்மேல் இட்ட கோட்டை அழிக்க வழியில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டைக் கண்ணால் முழுவதும் தொடர்வது நல்ல பயிற்சி.

எட்டாம் படி: காலத்தை நீங்களே தீர்மானித்துப் பாருங்கள்

இந்த ஓவியத்தோடு வந்த பழைய பெயர்ச்சீட்டில் யுவான் காலத்தவர் வரைந்தது என்று எழுதியிருந்தது. யுவான் மரபு பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுகளுக்கு உரியது. தாங் முடிந்து ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்குப் பிந்தையது. புனைகதை எழுத்தாளராக இருந்து பின்னாளில் பண்டைய உடைகளின் ஆராய்ச்சியில் மூழ்கிய ஷென் சோங்வென் போன்றோர் அந்தச் சீட்டை ஏற்கவில்லை. சரிந்த கொண்டை, பிறை முக்காலி, மூங்கில் பாய் மேசை, காதுள்ள மதுக்கிண்ணம், படுக்கையாகப் பிடித்து மீட்டுகட்டையால் வாசிக்கும் பிபா என்று எல்லாம் தாங் பிற்காலத்தையே சுட்டுகின்றன. முந்தைய படிகளில் நீங்கள் குறித்துவைத்த விவரங்கள்தான் இவை.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். பொருள்கள் தாங் காலத்தவை என்றால், காட்சி தாங் காலத்தது என்பது உறுதியாகும். கையில் இருக்கும் பட்டும் அக்காலத்ததே என்பது அதனால் மட்டும் உறுதியாகிவிடாது. பழைய ஓவியத்தை அப்படியே படியெடுப்பது சீனத்தில் மதிக்கப்பட்ட கலை. நல்ல படியெடுப்பாளர் ஒரு முக்காலியைக்கூட மாற்றமாட்டார். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டே எந்தப் பழைய சீன ஓவியத்தின் விளக்கச் சீட்டையும் படிக்க வேண்டும்.

கைமாறி வந்த வரலாறு சுருக்கமானது. பீஜிங் அரண்மனைச் சேகரிப்பின் கலைப்பொருள்கள் ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சி 1933-இல் தெற்கே அனுப்பப்பட்டன. போர்க்காலம் முழுதும் உள்நாட்டில் இடம் மாறி மாறிக் காக்கப்பட்டன. 1948–49-இல் அவற்றில் ஒரு பகுதி தைவானுக்குக் கப்பலேறியது. தைபேயின் இன்றைய அருங்காட்சியகக் கட்டடம் 1965-இல் திறக்கப்பட்டது.

ஒன்பதாம் படி: ககாகு கேட்டுவிட்டு மீண்டும் பாருங்கள்

தாங் அரசவை இசையை ஜப்பானியர்கள் தங்கள் அரண்மனைக்குக் கொண்டுபோய்ப் பேணினார்கள். ககாகு எனப்படும் அந்த அரண்மனை இசையில் தாங் வழிவந்த பகுதிக்கு இன்றும் தோகாகு என்றே பெயர். அதன் வாத்தியங்களில் ஹிச்சிரிக்கி என்பது பிலி, பிவா என்பது பிபா, பதின்மூன்று தந்தி கொண்ட கக்குசோ என்பது ஜெங், ஷோ என்பது ஷெங். ஓவியத்தின் மேல்வரிசை நான்கும் அங்கே உயிரோடு இருக்கின்றன. பிவாவை இன்றும் படுக்கையாகப் பிடித்து மீட்டுகட்டையால்தான் வாசிக்கிறார்கள். ஷோவின் நாக்குகளில் மூச்சின் ஈரம் தங்கினால் சுருதி கெடும் என்பதால், கலைஞர்கள் அதைக் கணப்பின்மேல் அடிக்கடி சூடாக்கிக்கொள்வதையும் காணலாம். நாரா நகரில் தோதாய்ஜி கோயிலைச் சேர்ந்த ஷோசோயின் கருவூலத்தில், 756-இல் பேரரசி கோம்யோ காணிக்கையாக வைத்த பொருள்களில் தொடங்கிய தொகுப்பில், அக்கால பிவாக்களும் மீட்டுகட்டைகளும் ஷோக்களும் இருக்கின்றன. ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் அந்தக் கருவூலத்தின் சில பொருள்கள் நாரா தேசிய அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வரும்.

ககாகுவின் ஒரு தோகாகு பகுதியைக் கேளுங்கள். முதலில் ஷோவின் விரிப்பைப் பிடியுங்கள், பிறகு ஹிச்சிரிக்கியின் நெடும் குரலை, பிறகு தந்திகளின் தெறிப்பை. மிக மெதுவாக இருக்கும். ஆனால் தாங் காலத்தில் இவை இதைவிடப் பன்மடங்கு விரைவாக வாசிக்கப்பட்டன என்றும், நூற்றாண்டுகளின் போக்கில் மந்தமாகிவிட்டன என்றும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் பிக்கனும் அவருடைய குழுவினரும் பழைய சுரக்குறிப்புகளைக் கொண்டு வாதிட்டார்கள். ஆகவே கேட்டதை ஒலியின் நிறமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காலப்பிரமாணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த நிறத்தோடு ஓவியத்துக்குத் திரும்பி, தாளக்கட்டைப் பெண்ணிடம் முதலில் போங்கள். இப்போது அவளுடைய கை வேறாகத் தெரியும்.

பத்தாம் படி: அடுத்து எதைப் பார்ப்பது

அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் உள்ள நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில், சோ ஃபாங்குக்கு உரியதாகச் சொல்லப்படும் சிறிய சுருள் ஒன்று உண்டு: ஒரு பெண் குச்சினுக்குச் சுருதி சேர்க்கிறாள், தோழியர் தேநீர் பருகியபடி காத்திருக்கிறார்கள். அங்கே இசை இன்னும் தொடங்கவில்லை. குச்சினுக்கும் ஜெங்குக்கும் உள்ள வேறுபாட்டை உறுதிப்படுத்திக்கொள்ளவும் அது உதவும்.

அதற்குப் பின், பீஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘ஹான் சிசாயின் இரவு விருந்து’ என்ற நெடுஞ்சுருளுக்குப் போகலாம். தாங் மரபு வீழ்ந்தபின் எழுந்த தெற்குத் தாங் அரசின் அமைச்சர் ஹான் சிசாயின் வீட்டு விருந்தை அரசவை ஓவியர் கு ஹோங்சோங் வரைந்ததாகவும், இன்று இருப்பது சோங் காலப் படி என்றும் பெரும்பாலோர் கொள்கிறார்கள். 28.7 செ.மீ உயரம், 335.5 செ.மீ நீளம். அதை முழுவதும் ஒரே நேரத்தில் விரித்துப் பார்க்காதீர்கள். வலக்கோடியிலிருந்து ஒரு முழ அகலம் மட்டும் திரையில் தெரியும்படி வைத்து இடப்பக்கமாக நகர்த்துங்கள். முதல் பகுதியில் பிபா கேட்கும் ஆண்களின் கைகளையும் முகங்களையும் பாருங்கள். நான்காம் பகுதியில் ஐந்து பெண்கள் வரிசையாகக் குழல் ஊதுகிறார்கள், பக்கத்தில் ஓர் ஆண் தாளக்கட்டை பிடித்திருக்கிறான், ஹான் சிசாய் மேலாடை திறந்தபடி நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அங்கே வாசிப்பவர்கள் வேறு, கேட்பவர் வேறு. ‘கோங்யுவே தூ’வின் மேசையை நன்றாகப் பார்த்துப் பழகியவருக்கு, அந்த இரு தரப்புக்கும் இடையில் ஓவியர் விட்டிருக்கும் தூரம் உடனே கண்ணில் படும்.